ஹஜ்ஜுக்குப் பின் வீடு

(இந்த ஆண்டு ஹஜ் முடித்துத் திரும்பியவர்களும் அவர்களின் குடும்பத்தாரும் கூடிய மேலப்பாளையம் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

பெண்களுக்கான ஹஜ் பயிற்சி வகுப்பில் பல ஆண்டுகளாகப் பாடம் எடுத்துவருகிறேன். அந்த வகுப்பில் நாங்கள் எதையும் விட்டுவைப்பதில்லை. நிய்யத் வைப்பதிலிருந்து முடி கத்தரிப்பது வரை சொல்லித்தருகிறோம். முஸ்தலிஃபாவில் பொறுக்கும் கல்லுக்குக்கூடக் கணக்கு உண்டு. பத்தாம் நாள் 7, பதினொன்றாம் நாளும் பன்னிரண்டாம் நாளும் 21 வீதம், ஆக 49. பதின்மூன்றாம் நாளும் மினாவில் தங்கினால் 70. மினாவில் கழிப்பறை வரிசை எவ்வளவு நீளும், அதற்காக சுபுஹுக்கு எவ்வளவு முன்னால் எழ வேண்டும் என்பது வரை பேசுவோம். தவாஃபுல் விதாவோடு பாடம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு விமானம் ஏறி, வீட்டு வாசலில் இறங்கி, மறுநாள் காலை கண் விழிக்கிறோமே, அந்த நாளைப் பற்றி ஒரு வகுப்பும் கிடையாது. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நம் பாட்டன்மார் கப்பலில் போனவர்கள். பம்பாய் வரை ரயில், அங்கே முஸாஃபிர்கானாவில் காத்திருப்பு, அப்புறம் ஜித்தாவுக்குக் கப்பல். அதற்கும் முந்திய தலைமுறையைச் செங்கடலில் உள்ள கமரான் தீவில் இறக்கி, தொற்றுநோய்க்குப் பயந்து நாள் கணக்கில் தடுத்து வைத்தார்கள். 1882இல் துருக்கியர் அமைத்த முகாம் அது. போகும்போது அவர்கள் பட்ட பாட்டுக்கு அளவில்லை. ஆனால் திரும்பும்போது அந்தக் கடல் அவர்களுக்கு ஒரு பேருதவி செய்தது. கூட வந்தவர்களோடு தளத்தில் உட்கார்ந்து பேச வேண்டியதைப் பேசி, அழ வேண்டியதை அழுது, தூங்க வேண்டியதைத் தூங்கி, ஆறிய மனசோடு ஊர் வந்தார்கள். இந்தியாவிலிருந்து ஹஜ் கப்பல் போவது 1995ஆம் ஆண்டோடு நின்றுபோனது. இப்போது ஜித்தாவில் ஏறினால் ஆறு மணி நேரத்தில் மீனம்பாக்கம். முந்தாநாள் கஅபாவைக் கண்ணால் பார்த்துக்கொண்டு தொழுதவர் இன்று கரண்ட் பில் கட்ட நிற்கிறார். ஆள் வந்துவிட்டார், மனசு வர இன்னும் நாளாகும். அந்த இடைவெளியை முன்பு கப்பல் கொடுத்தது. இப்போது அதை வீடுதான் கொடுக்க வேண்டும். கொடுக்கிறோமா?

நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பயணம் முடிந்து வந்தால் முதலில் பள்ளிவாசலுக்குப் போய் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். வெகுநாள் வெளியே இருந்தவர் முன்னறிவிப்பில்லாமல் நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டுவதை அவர்கள் விரும்பவில்லை. வீட்டில் இருப்பவர்கள் தலைவாரி, தயாராக நேரம் வேண்டும் என்று நினைத்தார்கள். பயணம் என்பதே வேதனையில் ஒரு பங்கு, வேலை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்பிவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். திரும்பி வருவதற்கு ஒரு நிதானம் இருக்கிறது, வீட்டில் இருப்பவர்மேல் ஒரு கரிசனம் இருக்கிறது, வீடு வேண்டும் என்ற தவிப்பும் இருக்கிறது. ஹஜ் செய்தவர் வீட்டை நினைத்து ஏங்குவதைச் சிலர் ஈமான் குறைவாகப் பேசுகிறார்கள். அது தப்பு.

நம் ஊரில் ஹாஜி வந்து இறங்கினால் என்ன நடக்கிறது? தெரு முனையிலேயே முஆனகா. வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன்னே துஆ செய்யச் சொல்லி ஒரு கூட்டம். விமான நிலையத்தில் ஆளுக்கு ஒரு கேன், ஐந்து லிட்டர் ஜம்ஜம் கொடுத்திருப்பார்கள். அதைக் குட்டி பாட்டில்களில் ஊற்றி, போதாமல் ஊர்த் தண்ணீரும் கலந்து, சொந்தம் பந்தம் ஒருவர் விடாமல் பங்கு வைக்க வேண்டும். விடுபட்டவர் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். பேரீச்சம்பழம், தஸ்பீஹ், தொப்பி, முஸல்லா, அத்தர் எல்லாவற்றுக்கும் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலுக்காக மக்காவில் கடைசி நாள்களைக் கடைகளில் கழித்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். ஹரமில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம் அது. ஒன்றும் வாங்கி வரவேண்டாம் என்று வழியனுப்பும்போதே சொல்லி அனுப்பும் குடும்பம், ஹாஜிக்குப் பெரிய உதவி செய்கிறது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு, அவர்கள் வந்த மூன்றாம் நாள் போனேன். முன்னறையில் ஆண்கள். நடுவில் தட்டு நிறைய அஜ்வா பழம், சின்னக் கண்ணாடி டம்ளர்களில் ஜம்ஜம். ஹாஜியார் அரஃபாத் வெயிலை வர்ணித்துக்கொண்டிருந்தார், எல்லாரும் கண்கலங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனால், அதே அரஃபாத்தில் அவரோடு நின்ற ஹஜ்ஜும்மா அடுப்புக்கு முன்னால் நிற்கிறார். தேயிலை கொதிக்கிறது. இருமி இருமிக் குரல் கம்மிப்போயிருக்கிறது. வலது குதிகால் பாளம் பாளமாக வெடித்து, ஒட்டியிருந்த பிளாஸ்திரி பாதி உரிந்து தொங்குகிறது. அந்தக் காலைத் தரையில் முழுசாக ஊன்றாமல் இடது காலில் பாரம் போட்டுக்கொண்டு டம்ளர் கழுவுகிறார். சர்க்கரை நோய் உள்ளவர். மணி பதினொன்றாகிறது, காலையில் சாப்பிடவில்லை. கேட்டால், “வர்றவங்க வந்துக்கிட்டே இருக்காங்களே லாத்தா” என்கிறார்.

அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. கணவர் நல்ல மனிதர், மருமகளும் தங்கமான பிள்ளை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஹஜ் இருவருக்கும் ஒன்று, திரும்பி வந்தபின் கிடைக்கும் நாற்காலி ஒருவருக்குத்தான் என்று பழகிப்போயிருக்கிறோம்.

ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் நடுவே ஏழு நடை நடந்தீர்களே, மூன்று கிலோமீட்டர் வரும், அது யாருடைய நடை? ஹாஜரா அம்மையாருடையது. தாகத்தில் துடித்த பச்சைப் பிள்ளைக்குத் தண்ணீர் தேடி ஒரு தாய் ஓடிய ஓட்டம். வீட்டுக் கவலையில் பிறந்த ஒரு காரியத்தை அல்லாஹ் உலகம் முடியும்வரை நிற்கும் வணக்கமாக ஆக்கினான். அதில் இன்னொன்றும் இருக்கிறது. பச்சை விளக்கு எரியும் இடத்தில் ஆண்கள் ஓட வேண்டும், பெண்கள் நடந்தால் போதும். தாய் ஓடிய ஓட்டத்தை ஆண்களைத்தான் ஓடச் சொல்லியிருக்கிறது மார்க்கம். ஹாஜிமார்களே, பிள்ளைக்குத் தண்ணீர் தேடிய அந்தத் தாயின் காலடியில் ஓடிவிட்டு வந்திருக்கிறீர்கள். வீட்டில் ஒரு செம்புத் தண்ணீரை எழுந்து போய் நீங்களே எடுத்துக் குடியுங்கள். இருமிக்கொண்டிருக்கும் உங்கள் மனைவிக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுங்கள். வீட்டில் இருக்கும்போது நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா நாயகியிடம் கேட்டபோது, குடும்பத்தாருக்கு ஊழியம் செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் எழுந்து போவார்கள் என்று பதில் வந்தது. செருப்பு அறுந்தால் தாமே தைத்துக்கொண்டார்கள். இதைவிட வேறு பாடம் நமக்கு எதற்கு?

உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. போய்வந்த பலருக்கு இருமல் வரும். ஹஜ் இருமல் என்றே மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். புண்ணியப் பூமியிலிருந்து வந்தது, தானே போகும் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மார்பைக் காட்டுங்கள், சளியைச் சோதியுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் விளக்கடியில் பாதத்தைப் பாருங்கள். மரத்துப்போன பாதத்தில் கொப்புளம் வலிக்காது, ஆனால் புண்ணாகிப் பழுக்கும். அங்கே நடந்த நடைக்கு ஏற்றபடி மாத்திரையைக் கூட்டியோ குறைத்தோ பழகியிருப்பீர்கள். இங்கே பழைய நடை இல்லை, பழைய சாப்பாடு மட்டும் திரும்பிவிட்டது. மருத்துவரைப் பாருங்கள்.

இனி வீட்டைப் பற்றி. இப்னு பதூதாவைத் தெரியாதவர் இருக்க முடியாது. 1325ஆம் ஆண்டு, 21 வயதில், ஹஜ் செய்வதற்காக மொராக்கோவின் தாஞ்சியர் ஊரைவிட்டுக் கிளம்பினார். தாயும் தகப்பனும் உயிரோடு இருந்தார்கள். ஹஜ் செய்தார், அதன்பின் கால் நிற்கவில்லை. டெல்லி, மாலத்தீவு, இலங்கை என்று சுற்றி, நம் மதுரைக்கும் வந்தார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தானின் மனைவியும் இப்னு பதூதாவின் மனைவியும் அக்காள் தங்கைகள். அந்த வகையில் அவர் நம் நாட்டுக்கு உறவுக்காரர்.  1348இல் டமாஸ்கஸ் வந்தபோதுதான் ஊர்ச்செய்தி கிடைத்தது, தகப்பனார் இறந்து பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு மொராக்கோவுக்குள் நுழைந்தார். கொள்ளைநோய் அவருக்கு முன்னால் வந்து தாயைக் கொண்டுபோயிருந்தது. தாஞ்சியரில் அவர் சந்தித்தது தாயின் கபரைத்தான். சில நாளிலேயே மறுபடியும் கிளம்பிவிட்டார். முதலில் ஸ்பெயின், பிறகு சஹாரா தாண்டி மாலி. பிற்காலத்தில் தன் பயணத்தையெல்லாம் ஒருவரிடம் சொல்லி எழுதவைத்தார், உலகம் இன்றைக்கும் அதை வாசிக்கிறது. நானும் வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தத் தாயின் நினைவுதான் எனக்கு மேலோங்கி நிற்கிறது. இருபத்துநாலு வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் அவர்.

உங்களுடையது நாற்பது நாள். அந்த நாற்பது நாளிலும் வீடு சும்மா இருக்கவில்லை. பேத்தி பூப்பெய்தியிருக்கலாம். மகன் கடையில் கடன் வாங்கியிருக்கலாம், உங்கள் காதுக்கு வரக்கூடாது என்று மறைத்திருப்பான். மருமகள் தன் வசதிக்கு அடுப்படிச் சாமான்களை இடம் மாற்றியிருப்பாள். மாமி வந்ததும் எல்லாவற்றையும் பழைய இடத்தில் எடுத்துவைத்தால், அந்தப் பிள்ளை நாற்பது நாள் உழைத்த உழைப்புக்கு என்ன மரியாதை? டப்பா எங்கே என்று அவளிடம் கேளுங்கள். அவள் எடுத்துத் தரட்டும். வந்தவுடன் கணக்குக் கேட்காதீர்கள். நீங்கள் பேசிய அளவுக்கு அவர்களும் பேசட்டும், நாம் இல்லாதபோது இங்கே என்ன நடந்தது என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கேளுங்கள். ஹரமில் நீங்கள் அழுது துஆ கேட்ட பெயர்கள் எல்லாம் இந்த வீட்டுப் பெயர்கள்தானே.

அடுத்த விஷயம் கொஞ்சம் கடினமானது. போவதற்கு முன் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்டோம். பேசாமல் இருந்த தம்பி வீட்டுக்கும் போனோம். கட்டிப்பிடித்து அழுதோம், பார்த்தவர்களும் அழுதார்கள். திரும்பி வந்தபின், அந்தத் தம்பிக்குச் சேர வேண்டிய வாப்பா வீட்டுப் பங்கு என்ன ஆயிற்று? தங்கைக்குச் சேர வேண்டியது? பொருத்தம் கேட்டதோடு சொத்து தீர்ந்துவிடாது. ஒப்புக்கொள்ளப்பட்ட ஹஜ் செய்தவர் அன்று பிறந்த பிள்ளையைப் போல் பாவம் நீங்கித் திரும்புகிறார் என்பது நம் நம்பிக்கை. மனிதருக்குக் கொடுக்க வேண்டிய கடனை அந்த மனிதருக்குக் கொடுத்துத்தான் தீர்க்க வேண்டும் என்பதும் நம் மார்க்கம்தான். ஆலிம்கள் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். ஆகவே நான் வேண்டுவது இதுதான்: ஊர் கூட்டி ஹஜ் விருந்து வைக்குமுன் தங்கையின் பங்கைப் பத்திரம் பண்ணிக் கொடுங்கள். விருந்தைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம், வைக்காமலும் இருக்கலாம்.

சிலருக்கு வந்தபின் மனசு வெறுமையாக இருக்கும். மூன்று மணிக்கு விழிப்பு வரும், எழுந்து ஜன்னலைத் திறந்தால் இருட்டும் நாய்ச் சத்தமும். கண்ணீர் தானாக வரும். வீட்டு டிவி சத்தம் எரிச்சலூட்டும். பேரன் சுபுஹுக்கு எழாததைப் பார்த்தால் கோபம் வரும். இது எல்லாருக்கும் வருவது, பயப்பட வேண்டாம். அந்த மூன்று மணி விழிப்பு அல்லாஹ் தந்த பரிசு, அதைத் தஹஜ்ஜுதுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்களுக்குக் கிடைத்ததைக் காரணம் காட்டி வீட்டில் மற்றவர்களைத் தாழ்த்திப் பேசாதீர்கள். இஸ்லாத்துக்கு முந்திய அரபிகள் ஹஜ் முடிந்ததும் மினாவில் கூடித் தங்கள் முன்னோர் பெருமையைப் பேசுவார்களாம். அல்பகரா அத்தியாயம் அந்தப் பழக்கத்தைத் திருத்தி, அதற்குப் பதில் இறைவனை நினைக்கச் சொன்னது. ஹஜ்ஜுக்குப் பின் வரும் பெருமை அவ்வளவு பழைய நோய். பேரன் உங்களைப் பார்த்து ஒரு நாள் தானாக எழுவான். அதட்டியதால் எழுந்த பிள்ளை, நீங்கள் அயர்ந்த அன்றைக்கு மறுபடியும் படுத்துக்கொள்வான்.

அமெரிக்கக் கருப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் 1964 ஏப்ரலில் ஹஜ் செய்தார். வெள்ளைத்தோல்காரர்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டதை, ஒரே விரிப்பில் படுத்ததை மக்காவிலிருந்து கடிதமாக எழுதினார். வெள்ளையர் எல்லாரும் பிறவியிலேயே தீயவர்கள் என்று அதுவரை மேடைதோறும் முழங்கியவர் அவர். மே மாதம் நியூயார்க் திரும்பியபோது, மக்காவில் கண்டதை, தன்னைக் கேலி செய்யக் காத்திருந்தவர்கள் முன்னாலும் சொன்னார். 1965 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்படும்வரை அந்தப் பேச்சிலிருந்து பின்வாங்கவில்லை. நாமும் இஹ்ராம் உடையில் நைஜீரியரோடும் இந்தோனேசியரோடும் தோள் உரச நின்றோம். காலை ஏழு மணிக்கு வாசலில் குப்பை வாங்க வரும் அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்கத் தனி டம்ளர் வைத்திருக்கும் வீடு நம் தெருவில் இருக்கக்கூடாது. இருந்தால், இன்றோடு அந்த டம்ளரை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, தனியே திரும்பி வந்தவர்கள். 2024 ஹஜ்ஜில் மஸ்ஜிதுல் ஹராமில் வெயில் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் மிகப் பலர் முறையான அனுமதி இல்லாமல் வந்து, நிழலும் கூடாரமும் கிடைக்காமல் நடந்தவர்கள். இந்தியர்கள் 98 பேர் இறந்ததாக நம் வெளியுறவு அமைச்சகம் அந்த ஜூனில் சொன்னது. பெரும்பாலும் இயற்கை மரணம்தான். கணவரை அங்கேயே அடக்கிவிட்டு ஒரு பெட்டியோடு போனவள் இரண்டு பெட்டியோடு வந்து இறங்குகிறாள். இத்தா நாலு மாதம் பத்து நாள். வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றே சொல்கிறார்கள்: “மக்கா மண்ணு கெடச்சிருக்கு, குடுத்துவச்ச மனுஷன்.” உண்மைதான். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அதைச் சொன்னவுடன் அவள் அழக்கூடாது என்றாகிவிடுகிறது. அவர் பெட்டியில் மடித்துவைத்த சட்டையைத் திறந்து பார்க்கவும் ஆள் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் பாக்கியத்தைப் பற்றி ஒரு தடவை சொன்னால் போதும். அதன்பின் பக்கத்தில் உட்காருங்கள், அவர் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள், அந்தப் பெட்டியைப் பிரிக்க உதவுங்கள். நபியவர்களே தம் பிள்ளை இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் விட்டார்கள்.

ஜமாஅத் பெரியவர்களிடம் என் வேண்டுகோளைச் சொல்லி முடிக்கிறேன். போவதற்கு முன் நடக்கும் பயிற்சி வகுப்போடு இன்னொன்றையும் சேருங்கள். ஹாஜிமார் திரும்பிய பதினைந்து நாளுக்குள் ஒரு நாள், குடும்பத்தாரோடு சேர்த்து அழையுங்கள். ஒரு மருத்துவரை வரவழைத்துச் சர்க்கரையையும் பாதத்தையும் இருமலையும் பார்க்கச் சொல்லுங்கள். பாகப்பிரிவினைச் சட்டம் தெரிந்த ஆலிம் ஒருவர் ஓர் ஓரத்தில் உட்காரட்டும், கேட்க நினைப்பவர்கள் தனியே போய்க் கேட்கட்டும். ஹாஜி வீட்டுக்கு முதல் ஒரு வாரம் யாரும் விருந்தாளியாகப் போவதில்லை, போனால் சாப்பாடு கொண்டுதான் போவது என்று மஹல்லாவில் ஒரு முடிவெடுங்கள். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் அதை எழுதிப் போடுங்கள். பெண்கள் பக்கத்து வகுப்புக்கு நான் வருகிறேன், கூட உதவ நாலைந்து பேர் வேண்டும். விருப்பம் உள்ள பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.